இரண்டு கையாலும் வாங்கிய பெட்டி

லா பாஸ்,
ஜனவரி 9, 1991

அன்புள்ள தங்கை பெனித்தாவுக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். என் மூச்சு இன்னும் வந்து சேரவில்லை. அது பொத்தோசியைத் தாண்டி எங்கோ பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறது போலும். நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறேன். இந்த ஊரிலோ நாலு படியோடு முடிகிற இடம் ஒன்றுகூடக் கிடையாது.

விடியும்வரை பஸ் வெறும் பொட்டலில்தான் ஓடியது. பிறகு திடீரென்று எதிரே தரையைக் காணோம். எட்டிப் பார்த்தால் கீழே பெரிய பள்ளம், பள்ளம் முழுக்க ஊர். வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. எதற்கும் பூச்சு இல்லை, வெறும் செங்கல். நம் சுக்ரேயில் ஒரு சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தாலே தெருவே பேசும். ஆனால் அந்தப் பக்கம் இல்லிமானி மலை தலை நிறையப் பனியோடு உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அழகில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நீ வெளியே சொல்லாதே.

பஸ் நிலையத்துக்கு என் மருமகன், நில்டாவின் புருஷன், வந்திருந்தான். கல்யாணப் படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். பெர்மின் ரொட்டி அடுப்பிலிருந்து நேரே வந்திருக்கிறான், புருவத்தில்கூட மாவு. என்னை ‘அத்தை’ என்றுதான் கூப்பிட்டான். ஆரம்பத்திலேயே தெளிவாக இருக்கட்டும் என்று, நாட்டின் தலைநகரம் எங்கள் சுக்ரேதான், நீங்கள் அரசாங்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று சொல்லிவைத்தேன். மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னான்:

“தலைநகரம் உங்களோடதாவே இருக்கட்டும் அத்தை. தலைவலி மட்டும் எங்களோடது.”

சிரிப்பு வந்தது. மூச்சு வாங்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுல்மா ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் தன் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். இரண்டு வயதில் நில்டா நம்மிடம் விட்டுப்போன பிள்ளை, ஐந்து வருஷம் நம் இருவர் மடியிலும் வளர்ந்தவள், இரண்டு மாதத்தில் என்னை விருந்தாளியாக்கிவிட்டாள். ஆனால் படுக்கும்போது தானாக என் போர்வைக்குள் வந்து, பழையபடி குளிர்ந்த பாதங்களை என் கெண்டைக்காலில் ஒட்டவைத்துக்கொண்டாள். “பெனி பாட்டி ஏன் வரல?” என்றாள். நம் கடையில் இறைச்சிச் சொரீசோ விற்க ஆள் வேண்டாமா என்றேன்.

வந்த காரியம் நினைவிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு வந்த இடத்தில் நில்டா பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாளே, அதேபோல் நானும் கையோடு கூட்டிவருவேன். கார்னிவல் திருவிழாவுக்கு அவள் நம் வீட்டில் இருப்பாள். இன்னும் பேச்சை எடுக்கவில்லை. சண்டை போட முதலில் மூச்சு வேண்டும்.

உன் அக்கா,
பெத்ரோனா

*

சுக்ரே,
ஜனவரி 13

அக்காவுக்கு,

கடிதத்தைப் பஸ் ஓட்டுகிற செவேரோ கொண்டுவந்து கொடுத்தான். மூன்று தரம் படித்தேன். மலை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, அந்த மனிதனின் புருவம் இருக்கிறது. பிள்ளை எப்போது வருகிறாள் என்பது மட்டும் இல்லை.

நீ ஊர் பார்க்கப் போகவில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் நான் சொல்லிவைத்திருக்கிறேன். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். தலைமைச் சகோதரி, “அம்மா சம்மதமா?” என்று கேட்டார். சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அதற்காகப் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன்.

நில்டா உன் மகள், அவளைப் பற்றி நான் பேசக்கூடாது. ஆனாலும் கேட்கிறேன். பிள்ளைக்குத் தட்டம்மை வந்தபோது நில்டா எங்கே இருந்தாள்? முதல் பல் விழுந்தபோது? நான் பெறவில்லை என்பது ஊருக்கே தெரியும். யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பெறாதவளுக்குப் பிள்ளை இருந்த இடம் காலியானால் தெரியாது என்று நினைக்கிறார்களா?

அந்த ஊர் ஆட்கள் தேனாகப் பேசுவார்கள் என்று கேள்வி. நீ இளகிவிடாதே. உன் இரத்தக்கொதிப்பு மாத்திரையையும் கொஞ்சம் சொரீசோவையும் செவேரோவிடம் கொடுத்திருக்கிறேன். சொரீசோ பிள்ளைக்கு. அந்த மனிதனுக்கு வேண்டுமானால் ஒன்று கொடு.

பெனித்தா

*

லா பாஸ்,
ஜனவரி 18

அன்புள்ள பெனித்தா,

நீ அனுப்பிய சொரீசோவைப் பெர்மின் நாலு தின்றான். இப்படி ஒன்றைத் தின்றதில்லை என்றான். சொன்னது உண்மை என்பதால் நான் தடுக்கவில்லை.

என்னைக் கோபித்துக்கொள், ஆனால் இந்த ஊரைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. இங்கே யாரும் வீட்டுக்குள் வாழ்வதில்லை, தெருவில்தான் வாழ்கிறார்கள். நடைபாதை எல்லாம் பெண்கள். தலையில் வட்டத் தொப்பி, கொசுவம் கொசுவமாகப் பாவாடை, எதிரே மலையாகக் குவித்த உருளைக்கிழங்கு. ஒரு கிழங்கை நான் அழுத்திப் பார்த்தேன். “கன்னத்தைக் கிள்ளாதீங்க கசேரித்தா, கல்யாணம் ஆகாத பொண்ணு அது” என்றாள் ஒருத்தி. வாடிக்கைக்காரியை இவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். வாங்கினால் கொசுறு கேட்காமலே விழுகிறது. இன்னொரு நாள் ஆலங்கட்டி மழை கொட்டி, தெரு ஆறாக ஓடியது. யாரோ ஒருத்தி என்னைத் தன் நீலத் தார்ப்பாயின் கீழ் இழுத்து முக்காலியில் உட்காரவைத்தாள். மழை விடுவதற்குள் என் வயது, என் புருஷன் செத்த விதம், என் மருமகன் தொழில் எல்லாம் வாங்கிக்கொண்டாள். விற்றது ஒன்றுமில்லை. வாத்தியார்கள் ஊர்வலம் வேறு, சம்பளம் கேட்டு வேட்டு வெடித்துக்கொண்டு போனார்கள். நம் ஊர் வாத்தியார் இருமவே கூச்சப்படுவார்.

ஊர் முழுக்க என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது சுல்மாதான். வேனில் ஏறினோம். இறங்க வேண்டிய இடம் வந்ததும், “முக்குல நிறுத்துங்க, பாட்டி இறங்கணும்” என்று ஒரு கத்து கத்தினாள் பார். வண்டியே குலுங்கி நின்றது. நம் வீட்டில் யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் இவள். அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது பெனித்தா? எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவ்வளவு பெருமையாக இல்லை.

நேற்று நில்டாவிடம் பேச்சை எடுத்தேன். அவள் பாவாடைக்குக் கொசுவம் தைத்துக்கொண்டிருந்தாள். தையலை நிறுத்தவில்லை. நீ கேட்டதை எல்லாம் நான் கேட்டேன், தட்டம்மை முதல் பல் வரை. கடைசியில் ஊசியைக் குத்திவைத்துவிட்டுச் சொன்னாள்:

“நான் அவள விட்டுட்டுப் போகலம்மா. கூட்டிட்டு வர்ற மாதிரி ஒரு வீடு தேடிப் போனேன். அது கிடைக்க அஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கு நீங்களும் சித்தியும் என்னை இன்னும் எத்தனை வருஷம் அடிப்பீங்க?”

பிள்ளையையே கேட்போம் என்றேன். கேட்காதீர்கள் என்றாள். எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிற பிள்ளை, அவளைத் தராசில் ஏற்றாதீர்கள் என்றாள்.

சரி, கேட்க மாட்டேன். வேறு வழி இருக்கிறது. இருபத்துநாலாம் தேதி இங்கே அலசீத்தா சந்தை. என்ன வேண்டுமோ அதைக் குட்டியாகச் செய்து விற்கிறார்கள். வீடு வேண்டுமென்றால் குட்டி வீடு, அரிசி வேண்டுமென்றால் குட்டி மூட்டை. உச்சிவேளையில் வாங்கி, புகை காட்டி, ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அந்த வருஷத்துக்குள் அது அவருக்கு நடந்துவிடுமாம். படித்தவர்கள்கூட அலுவலகத்தை மூடிவிட்டு ஓடுகிறார்கள். பயணம் வேண்டும் என்றால் குட்டிப் பெட்டி. நான் சுல்மாவுக்கு ஒரு பெட்டி வாங்கப் போகிறேன். வாயைத் திறந்து யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பெத்ரோனா

*

சுக்ரே,
ஜனவரி 21

அக்காவுக்கு,

சாமியார் கேட்டால் முகம் சுளிப்பார். இருந்தாலும் வாங்கு. பஸ் டிக்கெட்டும் குட்டியாகக் கிடைக்குமா என்று பார். சுக்ரே என்று எழுதியிருக்க வேண்டும், வெறும் டிக்கெட் என்றால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும். புகையும் காட்டு, கோயில் தீர்த்தமும் தெளி. எது பலிக்கும் என்று நமக்கென்ன தெரியும்?

உச்சிவேளை தவறிவிடாதே. உனக்கு எப்போதும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் நேரமாகும்.

பெனித்தா

*

லா பாஸ்,
ஜனவரி 25

அன்புள்ள பெனித்தா,

நேரம் தவறவில்லை. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று பெர்மின் எங்களை எல்லாம் சந்தைக்குக் கூட்டிப்போனான். உலகத்தையே துணியாகத் துவைத்துச் சுருங்கவைத்தது போல் இருந்தது. நகத்தளவு சிமெண்ட் மூட்டை, விரலளவு தையல் மிஷின், தீப்பெட்டியளவு மளிகைக்கடை, அதில் கடைக்காரிக்கு மூக்குத்தியளவு தராசு. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் குட்டி லாரியைக் கையில் ஏந்திக்கொண்டு குழந்தைபோல் ஓடுகிறார்கள். நான் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி பார்த்தேன், பித்தளைக் கொக்கி வைத்தது. டிக்கெட்டும் கிடைத்தது, சுக்ரே என்று கடைக்காரியே எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணிகள் அடித்ததும் ஊரே புகைக்காரர்களிடம் நெருக்கியடித்தது. என் பெட்டியைப் புகையில் காட்டி, சாராயம் தெளித்து, பூவிதழ் தூவிய கிழவர் யாருக்கு என்று கேட்டார். பேத்திக்கு என்றேன். எங்கே போக வேண்டும் என்றார். வீட்டுக்கு என்றேன். யார் வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.

சுல்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் வாங்க வேண்டுமாம். திறந்து டிக்கெட்டைப் பார்த்தாள். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளே. “நன்றி பாட்டி” என்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

பிறகு தன் பையிலிருந்து உனக்கென்று வாங்கியதை எடுத்துக் காட்டினாள். சுண்ணாம்பில் செய்த ஒரு சேவல். கல்யாணமாகாத பெண்ணுக்கு யாராவது சேவல் கொடுத்தால் அவளுக்கு ஒரு துணை கிடைக்கும் என்பது இவர்கள் வழக்கம். கடைக்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன். உன் பெனி பாட்டிக்கு இந்த வயதில் மாப்பிள்ளையா என்று கேட்டேன்.

“நான் அங்க இல்லல்ல பாட்டி. பெனி பாட்டிகூட யாராவது இருக்கணும்ல” என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் நான் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், பிள்ளை வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் துணி மூட்டை. பாவாடை, ஸ்வெட்டர், பள்ளிக்கூட மேலங்கி எல்லாம் மடித்துக் கட்டியிருக்கிறாள். மதியம் சாப்பிடவில்லையாம். என்ன செய்கிறாய் என்றேன்.

“பஸ் எப்போ பாட்டி?”

“எந்த பஸ்ஸுடி?”

“பெட்டி வந்துடுச்சே. புகை காட்டிக் கொடுத்தா நடந்தே தீரும்னு பெர்மின் மாமா சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவாங்க.”

“உனக்குப் போக இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லேன்.”

“எப்படிச் சொல்றது? ரெண்டு கையாலயும் வாங்கிட்டேனே.”

பெனித்தா, நான் வாயால் கேட்டிருந்தால் அவள் வாயால் மறுத்திருக்கலாம். அழுதிருக்கலாம், என்னை ஒரு அடி அடித்திருக்கலாம். மறுக்க முடியாத ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, புகையும் காட்டி அவள் கையில் வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். நில்டாகூட அவளைத் தராசில் ஏற்ற வேண்டாம் என்றாள். நான் தராசையே அவள் தலையில் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெர்மின் வேலைக்குக் கிளம்பி வந்தான். நான் பயந்தேன். சிரிப்பான், அல்லது என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். நில்டா கதவில் நின்றிருந்தாள். அவன் படியில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை வாங்கிக் கொக்கியைத் திறந்து மூடிப் பார்த்தான்.

“நல்ல பெட்டி. பலிக்கும்” என்றான். பிள்ளை மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா கண்ணு, பெட்டின்னா போறதுக்கு மட்டும்னு யாரு சொன்னா? பெட்டி இல்லாம ஒருத்தர் திரும்பி வர்றதெப்படி? துணிமணிய எதுல போட்டுட்டு வருவாங்க?”

பிள்ளை அவனைப் பார்க்கவில்லை, நில்டாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அப்படியா பாட்டி?” என்றாள்.

கொடுத்தவள் நான். நான்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அப்படித்தான் என்றேன். கார்னிவலுக்குப் பெனி பாட்டியைப் பார்க்கப் போவோம், பள்ளி திறப்பதற்குள் உன்னை இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுவேன் என்றேன். பிள்ளை எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டு சூப் குடித்தாள்.

சொல்லிவிட்டேன் பெனித்தா. இனி மாற்ற மாட்டேன். சேவலைச் செவேரோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெத்ரோனா

*

சுக்ரே,
ஜனவரி 29

அக்காவுக்கு,

சேவல் வந்தது, ஒரு கால் ஒடிந்து. செவேரோ அதன் மேல் எதையோ வைத்திருக்கிறான்.

நீ சொன்னாய் என்கிறாய். என்னைக் கேட்டா சொன்னாய்? அவர்கள் மூன்று பேர் காத்திருந்தார்களாம், நீ சொன்னாயாம். இங்கே ஒருத்தி காத்திருந்தது உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

கார்னிவலுக்கு அவளைக் கூட்டிவர வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறேன். அவள் இல்லாமல் இருக்க நான் ஒருமாதிரி பழகிவிட்டேன். காலையில் மூன்று கிண்ணம் எடுப்பதை நிறுத்தவே ஒரு மாதம் ஆயிற்று. இப்போது வந்து, சிரித்து, வீட்டை நிறைத்துவிட்டு அவள் மறுபடி பஸ் ஏறினால், நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை பறிகொடுத்தேன். இரண்டாம் முறை நானே என் கையால் ஏற்றிவிட வேண்டும் என்கிறாய். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

அவளிடம் ஏதாவது சொல்லிக்கொள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல். நீ மட்டும் வா.

பெனித்தா

*

லா பாஸ்,
பிப்ரவரி 1

அன்புள்ள பெனித்தா,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. நான் உன்னைக் கேட்காமல் சொன்னது நிஜம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையிடம் சுற்றுவழியில் எதையும் சொல்வதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

நேற்று விடிந்ததும் பெர்மின் ரொட்டிக் கூடையோடு மேட்டுக்குப் போகும்போது என்னையும் சுல்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். மேலே விளிம்பில் நின்று மூவரும் சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. புகை, ஹாரன், எங்கிருந்தோ ஒரு கல்யாண வீட்டின் பேண்டு வாத்தியம், காலை நேரத்திலும் நிறுத்தாமல். இந்த ஊருக்கு வெட்கம் என்பதே இல்லை. இங்கே பிறந்திருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று யோசித்தேன். இன்னும் உரக்கப் பேசியிருப்பேன், அவ்வளவுதான்.

சுல்மா கேட்டாள்: “பெனி பாட்டிக்கு என் மேல கோவமா?”

தெரியவில்லை, நீயே கேட்டுக்கொள் என்றேன்.

“கேட்டா சொல்வாங்களா?”

“அவ பொய் சொல்லத் தெரியாதவ” என்றேன். பள்ளிச் சகோதரியிடம் நீ சொன்னதைக் கணக்கில் சேர்க்காமல்.

ஏழாம் தேதி பஸ் ஏறுகிறோம், எட்டாம் தேதி காலையில் அங்கே இருப்போம். நீ மறுப்பதானால் மறுக்கலாம். அது உன் உரிமை. நானும் நில்டாவும் பெற்றோம், நீ பெறாமலே வளர்த்தாய், உன் பங்கு எங்களைவிடக் குறைவில்லை. ஆனால் அந்த மறுப்பை நான் சுமந்துகொண்டுவந்து அவளிடம் கொடுக்க மாட்டேன். வரவேண்டாம் என்றால் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். அவள் உன் முகத்தைப் பார்த்து அழட்டும், கத்தட்டும். அவளுக்கு இப்போது நன்றாகக் கத்த வருகிறது.

பெத்ரோனா

*

சுக்ரே,
பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நீ என்னைவிட மூத்தவள் என்பதால் இப்படியெல்லாம் எழுதுகிறாய். அப்பா உன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது நல்லதாயிற்று. இன்னும் படித்திருந்தால் யாராலும் உன்னோடு பேசியிருக்க முடியாது.

பள்ளிச் சகோதரியிடம் போய், இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சம்மதிக்கவில்லையா என்று கேட்டார். அம்மாவை நான் கேட்கவே இல்லை என்றேன். அவர் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார்.

எட்டாம் தேதி பஸ் நிலையத்துக்கு வருகிறேன். நீ அவளைக் கதவுவரை கூட்டிவந்து நிறுத்திச் சோதனை பார்க்க வேண்டியதில்லை. திரும்பக் கொண்டுபோய் விடுகிற பேச்சை அவள் இருக்கும்போது எடுக்காதே. அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்வோம். அன்றைக்கு நான் அழுதால், நீ எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றால் போதும்.

ஜன்னலோரம் அவளுக்குக் கொடு. பொத்தோசி வளைவுகளில் அவளுக்கு வயிறு புரளும், அதனால் ஏறுவதற்கு முன் பால் கொடுக்காதே. வந்ததும் சாப்பிட என்ன செய்துவைப்பது என்று நேற்று அடுப்புக்கு முன்னால் நின்றேன். முட்டையில் மஞ்சளைத் தொடமாட்டாள். வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். சோளக்கஞ்சியில் பட்டை வாசனை தூக்கலாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அக்டோபர் மாதத்துச் சுல்மா. இப்போதும் அப்படித்தானா, மாறிவிட்டாளா?

செவேரோ ஆறாம் தேதி அங்கிருந்து கிளம்புகிறான். அவனிடம் எழுதிக் கொடுத்தனுப்பு. நீயாக எழுதாதே அக்கா. அவளைக் கேட்டு எழுது.

பெனித்தா